சூடுதான், வேறொன்றுமில்லை

மூன்று கிண்ணம் தண்ணீர் ஒரு கிண்ணமாக வற்றுவதற்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். அடுப்பைக் கூட்டி வைத்தால் முக்கால் மணியில் வற்றிவிடும், ஆனால் கூட்டி வைக்கக் கூடாது, கூட்டினால் இலை கருகும், வேர் வேகாது, கசப்பு இறங்கும், குணம் இறங்காது. இதெல்லாம் தவமணிக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஈப்போ பழைய டவுனில் வோங் சோ என்கிற சீனத்தியின் மூலிகைத் தண்ணீர்க் கடைக்குக் கிண்ணம் கழுவ வந்து இருபத்திரண்டு வருஷமாகிறது. கழுவ வந்தவள்தான் இப்போது காய்ச்சுகிறாள், வடிகட்டுகிறாள், வருகிற சனங்களின் நாக்கைப் பார்த்து எந்தப் பானையில் மொள்ளலாம் என்று சொல்லவும் செய்கிறாள். முன்பக்கத்தில் இருக்கும் பெரிய பானைகள் கடைக்கு. பின்கட்டில் கழுவு தொட்டிக்குப் பக்கத்தில், ஒற்றை அடுப்பில் கொதிக்கிற இந்தச் சின்ன மண்சட்டி மட்டும் அவளுடையது, அதாவது அவள் புருஷன் அங்கமுத்துவுடையது. காலை ஒன்பதரைக்கு ஏற்றுவாள், பத்தரைக்கு இறக்குவாள், ஃபிளாஸ்கில் ஊற்றி வைப்பாள், பதினொன்றுக்கு அவர் மோட்டார் சைக்கிளில் வந்து ரோட்டோரமாக நின்று ஹாரன் அடித்து வாங்கிக்கொண்டு போவார். தைப்பூசம் முடிந்த வாரம் ஆரம்பித்தது, இப்போது சித்திரை பிறந்துவிட்டது, பதினொரு வாரம். பதினொரு வாரம் என்றால் எத்தனை சட்டி? வேண்டாம், கணக்குப் போடாதே, என்று அவளே அவளை அதட்டிக்கொண்டு சட்டி மூடியைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்தாள். ஆவி முகத்தில் அடித்தது. அந்த வாடை அவளுக்கு மூக்கில் ஏறி எத்தனையோ வருஷமாயிற்று, இப்போது வாடையாகவே தெரிவதில்லை, ஆனால் ஒரு வாரமாகத் தெரிகிறது, ஏனோ தெரிகிறது.

வார்த்தைதான் முதலில் வந்தது. யிட் ஹேய். கந்தோனீஸ் பேசுகிற ஊர் இது, பசாரில் மீன் வாங்கப் போனாலும் காதில் விழுகிற வார்த்தை. மூஞ்சியில் பரு வந்தால் யிட் ஹேய், தொண்டை கட்டினால் யிட் ஹேய், டுரியான் யிட் ஹேய், பொரித்த கோழி யிட் ஹேய், வறுத்த கச்சான் கடலை யிட் ஹேய். சூட்டுக் காற்று என்று அர்த்தம். வேலைக்கு வந்த முதல் வாரமே அது அவளுக்குப் பிடிபட்டுவிட்டது, வோங் சோ வாயைப் பிளந்து கெட்டிக்காரி என்று மெச்சினாள். கெட்டிக்காரியாவது ஒன்றாவது! உடம்பு சூடு, அது ஆகாது, இது குளிர்ச்சி என்று கேட்டுக் கேட்டே வளர்ந்த தமிழச்சிக்கு இதில் புதிதாகப் படிக்க என்ன கிடக்கிறது, வெந்தயத்துக்குப் பதில் செவ்வந்திப் பூ, மோருக்குப் பதில் கறுப்புத் தண்ணீர், அவ்வளவுதானே. நண்டு ஒன்றில்தான் இரண்டு பேருக்கும் ஒத்துப் போகவில்லை. நண்டு சூடு, சளிக்கு ரசம் வைக்கலாம் என்பாள் இவள், லியோங், குளிர்ச்சி, இஞ்சி போடாமல் தொடாதே என்பாள் அவள், அன்றைக்கு முழுக்க இரண்டு பேரும் முறைத்துக்கொண்டு திரிந்தார்கள். போகப் போகத்தான் தெரிந்தது, இவர்களுடைய சூடு நம்முடையது மாதிரி ஒற்றைச் சூடு இல்லை. சாப் யிட் என்று ஒன்று, ஈரச் சூடு. சூட்டுக்கு எப்படி ஈரம் வரும் என்று சிரித்தவள் தவமணி. அப்புறம் ஈப்போவில் மழை பிடித்து ஒரு வாரம் துணி காயாமல், உடம்பு மட்டும் கசகசவென்று வேர்த்து, கைகால் கனத்து, எழுந்திருக்கவே மனசில்லாமல் படுத்துக் கிடந்தபோது, ஓகோ, இதுதானா அது, என்று நம்பினாள். கோன் ஃபோ, ஈரல் நெருப்பு, எரிந்து எரிந்து விழுகிறவர்களுக்கு. ஹோய் ஃபோ, வெறும் நெருப்பு. அதைத்தான் வோங் சோ விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். பார்த்தால் சூடு மாதிரியே இருக்கும், வாய் புண்ணாகும், கன்னம் சிவக்கும், ஆனால் உள்ளே ஒன்றுமே இருக்காது, ஆள் தேய்ந்துகொண்டிருப்பான், அவனுக்குப் போய்க் குளிர்ச்சியைக் கொடுத்தால் இருக்கிற கொஞ்சமும் அணைந்துவிடும். இதற்கெல்லாம் மேலே இன்னும் ஒரு வார்த்தை இருக்கிறது. அதை இப்போது நினைக்க வேண்டாம். சட்டியைப் பார். ஒரு கிண்ணம் வற்றியிருக்கிறது, இன்னும் ஒரு கிண்ணம் வற்ற வேண்டும்.

தேய்ந்துகொண்டிருப்பான். பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட்டிருக்கிறார், ஆணியைக் காய்ச்சி அவரேதான் போட்டார், அவள் பார்த்தாள். பல்லெல்லாம் போனால் சோறு இறங்குமா, வயசாகிறது, வண்டி ஓட்டாமல் வீட்டில் உட்கார்ந்தால் பசி எடுக்குமா, என்று அவளே காரணம் சொன்னாள், அவர் தலையை ஆட்டினார். முப்பது வருஷம் லோரி ஓட்டியவர். மலையில் வெட்டிய சுண்ணாம்புக் கல்லை ஏற்றிக்கொண்டு பட்டர்வொர்த் வரைக்கும் போவார், கண் சொக்காமல் இருக்க வெற்றிலை, வெற்றிலைக்குள் புகையிலை, தொட்டுக்கொள்ள விரல் நுனியில் சுண்ணாம்பு. கல்லும் சுண்ணாம்பு, வாயும் சுண்ணாம்பு என்று அவரே சொல்லிச் சிரிப்பார். கண்ணில் புரை விழுந்து லோரியை விட்டு இரண்டு வருஷமாயிற்று, வெற்றிலையை மட்டும் விடவில்லை. தைப்பூசம் முடிந்து, கால் வலிக்க வலிக்க நடந்துவிட்டு வந்த களைப்பே இன்னும் போகவில்லை, இவள் அரிசி களைந்துகொண்டிருக்கிறாள், அவர் குசினி வாசலில் வந்து நின்றார். "நாக்கோரத்துல என்னமோ சொரசொரங்குது தவம், பத்து நாளா இருக்கு, என்ன இது?" என்று கேட்டார். அவள் திரும்பக்கூட இல்லை. "சூடுதான், வேற ஒண்ணுமில்ல," என்றாள். அப்படிச் சொல்ல அவளுக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று? அரிசித் தண்ணீரை ஒருதரம் கொட்டுகிற நேரம். திரும்பியிருக்கலாம் அல்லவா? திரும்பியிருந்தால் அந்த முகத்தைப் பார்த்திருப்பாள், பயந்துபோய்தான் வந்து நின்றார், குரலே சொன்னது. ஒரு சாமானையும் தேடி அவளிடம் கேட்காத மனுஷன், துண்டு எங்கே என்றுகூடக் கேட்காத மனுஷன், வந்து நின்று என்ன இது என்று கேட்டார் என்றால் அது சும்மாவா? ஆனால் அவளுக்கு அந்த நேரத்தில் பெருமைதான் வந்தது, பாவி மனசு. சொந்தக்காரர்களெல்லாம் சூட்டு டாக்டர் என்று அவளைக் கிண்டல் செய்வார்கள், கிண்டல் செய்துவிட்டுப் பிள்ளைக்கு உதட்டில் புண் என்றால் போனும் போடுவார்கள். நாலாங் கிளாஸோடு நின்றவளுக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே பட்டம். அந்தப் பட்டம்தான் அன்றைக்கு அரிசி களைந்துகொண்டே பதில் சொன்னது.

வாசலில் ஆள் வந்த சத்தம். தவமணி கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் போனாள். டாக்சி ஓட்டுகிற சீனன், மாசத்துக்கு ஒருதரம் வருகிறவன். தொண்டை என்று கையைக் காட்டினான், நாக்கை நீட்டினான். சிவப்பு, ஓரத்தில் பல் பதிந்த அடையாளம், நடுவில் மஞ்சளாக மெழுகின மாதிரி. சாப் யிட், என்றாள், இடது கைப் பானையிலிருந்து ஒரு கிண்ணம் மொண்டு கொடுத்தாள், அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் குடித்துவிட்டு உப்புப் போட்ட பிளம் ஒன்றை வாயில் அதக்கிக்கொண்டு போனான். எவ்வளவு சுலபம். ஒரு நாளைக்கு நாற்பது நாக்குப் பார்க்கிறாள். கிழவர்கள், ஆபீஸ் பெண்கள், போலீஸ்காரன், ஒருதரம் ஒரு கல்யாணப் பெண் முகப் பருவுக்காக ஒப்பனையோடு வந்து நீட்டினாள். கூச்சநாச்சமே கிடையாது. வீட்டில் இருக்கிற ஒரு நாக்கை மட்டும் அவள் பார்க்கவில்லை. நாக்கை நீட்டுங்க என்று புருஷனிடம் எப்படிச் சொல்வது, சின்னப் பிள்ளையா அவர், முப்பத்தொரு வருஷக் குடும்பத்தில் அப்படியெல்லாம் பக்கத்தில் போய் முகத்துக்கு நேரே நின்று பேசிப் பழக்கமில்லையே. முதலில் கூச்சம்தான், சத்தியமாகக் கூச்சம்தான். நாலு வாரம் கழித்துக் கூச்சம் போய்விட்டது, பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. அதுவும் கூச்சம் மாதிரியே இருந்ததால் அவளுக்கு மாறினது தெரியவில்லை. இல்லை, தெரிந்தது. யாரிடம் பொய் சொல்கிறாய் தவமணி?

இந்தக் கடைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரே கோளாறுக்கு ஒரு ஆளுக்கு மூன்று கிண்ணம்தான். மூன்று கிண்ணத்தில் இறங்கவில்லை என்றால் அது சூடு இல்லை, வேறு ஏதோ, போய் ஆஸ்பத்திரியில் காட்டு என்று வோங் சோ கையை விரித்துவிடுவாள், காலில் விழுந்தாலும் நாலாவது கிண்ணம் கிடைக்காது. பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த ஒரு சீனர், நல்ல உயரம், எப்போதும் சட்டைப் பையில் இரண்டு பேனா, காது அடைக்கிறது, கழுத்தில் ஒரு கட்டி, யிட் ஹேய் என்று அவரே முடிவு செய்துகொண்டு வந்தார். நாலாவது தடவை வோங் சோ மாட்டேன் என்றதும் அவருக்கு வந்ததே கோபம், எங்கப்பா காலத்திலிருந்து இந்தக் கடைக்கு வருகிறேன் என்று கத்திவிட்டு எதிர்ச் சாரியில் இன்னொரு கடைக்குப் போய்க் குடித்தார். இரண்டு மாசம் அங்கே குடித்தார், தெருவைத் தாண்டிப் போகும்போது இந்தப் பக்கம் திரும்ப மாட்டார். அப்புறம் அவருடைய மகள்தான் வந்தாள், துக்கத்துக்குக் கறுப்புத் துணி குத்தின சட்டையோடு. வோங் சோ ஒன்றும் கேட்கவில்லை. கோ டி யே, என்றாள் மெல்ல, அவ்வளவுதான், அந்தச் சாமான். அந்த வியாதிக்குக் கந்தோனீஸில் பெயர் இல்லாமல் இல்லை, ஆனால் கடைக்குள் யாரும் பெயர் சொல்ல மாட்டார்கள், அந்தச் சாமான் முளைத்துவிட்டது என்பார்கள். நம் ஆட்கள் மட்டும் என்ன, அந்த நோய் என்றுதானே இழுக்கிறோம். அந்த வாத்தியாரைப் பார்த்து தவமணிதான் அன்றைக்கு உச்சுக் கொட்டினாள், படித்தவருக்கே இப்படிப் புத்தி போச்சே என்று. மூன்று கிண்ணம். முன்பக்கத்துப் பானையில் மொண்டால்தானே எண்ணுவார்கள், பின்கட்டுச் சட்டியை யார் எண்ணுவது? வீட்டுக்காரருக்கு வாய்ப்புண் எப்படி என்று வோங் சோ வாரத்துக்கு ஒருதரம் கேட்பாள், பரவாயில்லை, இறங்குகிறது என்பாள் இவள். வாய் கூசாமல் சொன்னாள். நடுவில் ஒரு நாள், பங்குனி உத்திரத்துக்கு முந்தின வாரம், அவர் சாயங்காலம் வாயில் துணியை வைத்துக்கொண்டு படுத்திருந்தார், துணியில் ரத்தம், கஞ்சிகூட இறங்கவில்லை. சூடு வெளியே தள்ளுகிறது, நல்லதுதான் என்று சொல்லி மறுநாள் இரண்டு சட்டி காய்ச்சினாள். இரண்டையும் குடித்தார். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார்.

இனிமேல் அந்த வார்த்தையை நினைக்காமல் இருக்க முடியாது, சனிக்கிழமையிலிருந்து அது கூடவே வருகிறது. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துவிட்டாள். தண்ணீர் வேலை செய்யவில்லை என்றால் நல்லெண்ணெய் செய்யும் என்று கடைசியாக அந்தப் பக்கம் ஓடினாள், காய்ச்சி ஆறவைத்து, உச்சியில் வைத்து, காதுக்குப் பின்னால் வழித்து, கழுத்துக்கு இறக்கி, தாடைக்குக் கீழே விரல் போனபோது நின்றுவிட்டது. புளியங்கொட்டை அளவு. கெட்டியாக. நகரவில்லை. வலிக்குதா என்று கேட்டாள், இல்லை என்றார். வலித்திருக்கக் கூடாதா, ஐயோ, வலித்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! சூட்டுக் கட்டி, என்று அவள் வாய் சொன்னது, விரல் அங்கேயே இருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, ம், என்றார். அந்த ம்-மில் ஏதோ இருந்தது, ஆறு நாளாக அதைப் பிடித்துப் பார்க்கிறாள், வழுக்கிக்கொண்டு போகிறது. யிட் டுக். சூட்டு விஷம். சூடு தங்கித் தங்கி, அழுகி, கெட்டியாகி, விஷமாகிறது. வோங் சோ அந்த வார்த்தையைச் சொல்லும்போது கிண்ணத்தை எடுக்க மாட்டாள், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொள்வாள். அதற்கப்புறம் கடையில் வார்த்தையே கிடையாது, வார்த்தை முடிகிற இடத்தில்தான் அந்தச் சாமான் இருக்கிறது. யிட் ஹேய், சாப் யிட், ஹோய் ஃபோ என்று ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி அவருக்குப் போட்டுப் பார்த்தவள் அவள், சட்டை அளவு பார்க்கிற மாதிரி, எது பொருந்தினாலும் சரி, அந்தக் கடைசி ஒன்று மட்டும் வேண்டாம் என்று. இன்றைக்கு வோங் சோவிடம் சொல்லிவிடுவது என்றுதான் காலையில் பஸ் ஏறினாள். வந்ததும் சொல்லலாம் என்றாள், கூட்டம் ஓயட்டும் என்றாள், இப்போது சட்டி வற்றட்டும் என்கிறாள். சட்டி வற்றிவிட்டது. அடுப்பை அணைத்து, துணி போட்டு வடிகட்டினாள். கறுப்பாக, நிறைய, ஒரு கிண்ணம். இதைப் போய்க் கொடுக்கப் போகிறாளா? தைரியம் இருந்தால் கொட்டிவிடு. அவள் ஃபிளாஸ்கில் ஊற்றி மூடியைத் திருகினாள்.

மோட்டார் சத்தம் கேட்டது. பதினொன்றுகூட ஆகவில்லை. ஹாரன் அடிக்கவில்லை, எஞ்சின் நின்றது. பதினொரு வாரத்தில் எஞ்சினை நிறுத்தினதே இல்லை. தவமணி முன்னால் வந்தபோது அங்கமுத்து கடைக்குள் வந்து, வட்ட மேசைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார், வெளியே போகிற நல்ல சட்டை போட்டுக்கொண்டு, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு. கல்லாவிலிருந்த வோங் சோ அவரைப் பார்த்தாள், அவர் கன்னத்தைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். தவமணி அவர் முன்னால் போய் நின்றாள். நடந்துதான் வந்தாள், எப்படி வந்தாள் என்று கேட்டால் தெரியாது.

"நாக்க நீட்டுங்க," என்றாள். "நான் பாக்கணும்."

"பாத்தாச்சு தவம்," என்றார் அவர். வார்த்தை வாய்க்குள் உருண்டு வந்தது, ஒரு பக்கமாக ஒதுக்கி ஒதுக்கிப் பேசினார். "டாக்டரு பாத்துட்டாரு. பங்குனி மாசமே பாத்துட்டாரு."

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அவளிடம் சொல்லாமல் ஒரு நாள் கிளினிக் போனாராம், அங்கேயிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்களாம், நாக்கில் கொஞ்சம் கிள்ளி எடுத்தார்களாம், அன்றைக்குத்தான் ரத்தம். இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டு, மலாய்க்கார டாக்டர் சின்ன வயசு, நல்ல பையன், கையைப் பிடித்துக்கொண்டு பெயரைச் சொன்னாராம். ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்களாம். அந்தத் தேதிக்கு இவர் போகவில்லையாம்.

"ஏன் போகல?"

"நீ சூடுன்னு சொன்னியே." ஹெல்மெட்டின் வாரை இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். "அவரு ஒண்ணு சொன்னாரு, நீ ஒண்ணு சொன்னே. நீ சொன்னது நல்லாருந்துச்சு. ஒருவேள எறங்கிடுமோன்னு பாத்தேன்."

அப்பவே போயிருந்தா, என்று கேட்டாள், முழுசாகக் கேட்க முடியவில்லை. அவர் ரோட்டில் பஸ் ஒன்று திரும்ப முடியாமல் திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லாமல் விட்டதே பதில்தான், அது அவளுக்குப் புரிந்தது, இன்னும் எத்தனை வருஷம் இருந்தாலும் புரிந்துகொண்டே இருக்கும்.

"செவ்வாக்கெழம போறேன்," என்றார். "இந்தத் தடவ போயிடறேன். பாதி நாக்கு எடுக்கணுமாம், கழுத்துலயும் அறுக்கணுமாம். அப்பறம் பேச்சு சரியா வராதுன்னாங்க. எழுதிக் காட்டறதுக்கு எனக்கு எழுத்தும் அவ்வளவா வராது. அதான் வந்தேன். கொஞ்சம் பேசணும் உங்கிட்ட."

முப்பத்தொரு வருஷம் பேசாததையெல்லாம் நாலு நாளைக்குள் எப்படிப் பேசுவது? வாசலில் இரண்டு பேர் வந்து நின்றார்கள், வோங் சோ எழுந்து போய் அவளே மொண்டு கொடுத்தாள், இவளைக் கூப்பிடவில்லை. தவமணி இன்னொரு முக்காலியை இழுத்து, அவருக்கு எதிரே, முட்டி முட்டியில் படுகிற அளவுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். சொல்லுங்க, என்றாள்.

அவருக்கு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். "உன்னப் பொண்ணு பாக்க வந்தேனே," என்றார், "அன்னைக்கு நீ குடுத்த கோப்பியில சீனியே இல்ல. ஒரே கசப்பு."

"ஐயையோ," என்றாள் தவமணி. அவளுக்கு அந்தக் கோப்பி நினைவிருந்தது, கிளாஸ் காலியாகத் திரும்பி வந்ததும் நினைவிருந்தது. "முழுசையும் குடிச்சீங்களே. ஏங்க அப்பவே சொல்லல?"

அவர் மடியிலிருந்த ஹெல்மெட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"நீ பாத்துக்கிட்டே நின்னே," என்றார்.